இடப்பக்கம் திரும்பாத மேடம்

கன்னத்தைத் தரையில் ஒட்டிவைத்துப் படுத்திருக்கிறார் எதிர்வீட்டுக்காரர். அவர் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில், பாயின்மேல் குப்புறக் கிடக்கிறாள் மகள். பிறந்து ஒன்பது வாரம். "மேடம், இந்தப் பக்கம் கொஞ்சம் பாக்குறீங்களா?" என்கிறார். மேடம் வலப்பக்கத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

லிஃப்ட் மெக்கானிக். பெருத்த உடம்பு, அதைவிடப் பெரிய குரல். ஐந்தாவது மாடியில் அவர் பேசினால் வாசல் காவலாளி பதில் சொல்வார். சத்தம் கேட்டால் குழந்தை கைகளை விரித்துத் திடுக்கிடுகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அந்தக் குரல் பாதியாகிவிட்டது. உள்ளங்கை சொரசொரப்பென்பதால் அவளைப் புறங்கையால்தான் தடவுகிறார்.

எந்நேரமும் அவள் தலை வலப்பக்கமே திரும்பியிருந்தது. கழுத்தின் ஒரு பக்கத் தசை இறுகியிருக்கிறது. இப்போதே பழக்கினால் சரியாகிவிடும், விட்டால் மண்டை ஒரு பக்கம் தட்டையாகும் என்றார்கள் மருத்துவமனையில். விழித்திருக்கும்போது சிறிது நேரம் குப்புறப் போட்டு, பேச்சும் பொம்மையும் இடப்பக்கத்திலிருந்து வரும்படி செய்யச் சொன்னார்கள். மனைவி வழியெல்லாம் அழுதார். இவர் வீட்டுக்கு வந்ததும், ஜன்னல் வெளிச்சம் அவளுக்கு இடப்பக்கம் விழும்படி தொட்டிலைத் திருப்பிப் போட்டார்.

பிறகு ஆராய்ச்சி தொடங்கியது. வெள்ளை அட்டையில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டிக் கோடு போட்டார். "கோட்டை முறைச்சுப் பாக்குறா சார். பூப்போட்ட திரையை மதிக்கவே மாட்டேங்குறா." தானே குப்புறப் படுத்து, எந்தத் தசை இழுக்கிறது என்று கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். என்னையும் விடவில்லை. "படுத்துப் பாருங்க, தலை எவ்வளவு கனம்னு தெரியும்." படுத்தேன். ஒரு நிமிஷத்தில் எழுந்துவிட்டேன்.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ஒண்ணுக்கு ரெண்டு மாசம், இன்னொண்ணு தொண்ணூறு கிலோ" என்கிறார் மனைவி.

அவள் சிணுங்கினால் அடுத்த நொடியே தூக்கிவிடுவார். "போதும், ஷிஃப்ட் முடிஞ்சுது." இன்று அவள் சிணுங்கவில்லை. தலை ஆடி ஆடி எழுந்தது. நடுவில் வந்து நின்றது. பிறகு மெல்ல இடப்பக்கம் திரும்ப, அப்பாவின் முகத்தில் கண் பதிந்தது. கதவருகே மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். கட்டடமே அதிரப்போகிறது என்று நினைத்தேன்.

அவர் சத்தமே போடவில்லை. அவள் கண்ணை விட்டுக் கண் எடுக்காமல், நான்கு விரற்கடை அவளுக்கு இன்னும் இடப்பக்கமாக நகர்ந்து படுத்தார்.