பக்கத்து வீட்டுப் பெண்

நைனாவுக்குக் கை கால் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது நானும் அண்ணனும் கும்மிடிப்பூண்டியில் வெவ்வேறு கம்பெனிகளில் வேலை செய்துகொண்டிருந்தோம். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். அம்மா இறந்து பல வருடம் ஆகியிருந்தது. ரோலிங் மில்லில் கடைசிவரை காண்ட்ராக்ட் ஆளாகவே இருந்தவர் நைனா. பென்ஷன் கிடையாது, சொந்த வீடும் கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து என் வீட்டுக்குத்தான் கூட்டிவந்தேன். ஒரே அறை. காலையில் நானும் கணவரும் வேலைக்குப் போய்விட்டால் சாயந்தரம் வரை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க ஆள் இல்லை. முதுகில் புண் வந்தது. கட்டுப்போட வந்த நர்ஸ் பார்த்துவிட்டு, "இப்படியே உட்டா தாங்க மாட்டாரு" என்றார். அதன் பிறகுதான் செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். மாதாமாதம் பணம் கட்டவேண்டிய இடம்.

முன்பணத்துக்கு என் செயினையும் கம்மலையும் அடகு வைத்தேன். மாதப் பணத்தை இருவரும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டோம். அண்ணன் ஓவர்டைம் பார்த்தான். நான் ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்தேன். அண்ணி பிள்ளையின் டியூஷனை நிறுத்தியிருந்தார். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஆனால் புண் ஆறியது. நைனா சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தார். ஒரு வருடம் போல அப்படி ஓடியது. பிறகு அண்ணனின் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திவிட்டார்கள்.

இரண்டு மாதப் பணம் பாக்கி நின்றது. இல்லம் நடத்திய அம்மா சத்தம் போடவில்லை. "நான் இன்னாம்மா பண்றது, ஆயாங்களுக்கு சம்பளம் குடுக்கணும்ல" என்று மட்டும் சொன்னார்.

நைனாவிடம் இதைப் பற்றிப் பேசக்கூடாது என்று முடிவு செய்துகொண்டுதான் உள்ளே போனோம். அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

"திருவள்ளூர் தாண்டி ஒரு ஹோம் கீதாம். டப்பு எதுவும் கட்ட வாணாமாம். ஆயா சொல்லிச்சு" என்றார்.

"அது யாரும் இல்லாதவங்களுக்கு நைனா" என்றான் அண்ணன்.

"தெரியும். எனக்கு யாரும் இல்லன்னு சொல்லிட்றேன்."

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டான். நைனா என்னைப் பார்த்தார். "வேற வழி இருந்தா சொல்லு. உன் ஊட்ல மறுபடியும் படுத்துக்கினு புண்ணு வர வெச்சிக்கட்டுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அடுத்த வாரம் நான்தான் ஆட்டோவில் அழைத்துப் போனேன். அண்ணன் வரமாட்டேன் என்றுவிட்டான். அங்கே பொறுப்பாளர் ஒரு படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு, "பிள்ளைங்க?" என்று கேட்டார்.

"யாரும் இல்ல சார்."

"இந்தப் பொண்ணு?"

"பக்கத்து ஊட்டுப் பொண்ணு. தனியா கெடக்கறேன்னு இட்டாந்து உட்டுச்சு."

நான் தலையாட்டினேன். நைனாவின் வேட்டி நழுவியிருந்தது. குனிந்து சரி செய்துவிட்டு, என் போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பும்போது பெரியபாளையம் வரை பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். இடம் இருந்தது, உட்காரத் தோன்றவில்லை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போவேன். "வாங்கம்மா, உங்க ஊட்ல எல்லாரும் நல்லா கீறாங்களா?" என்று கேட்பார் நைனா. என்னை வாடி போடி என்று கூப்பிட்டே வளர்த்தவர். சுற்றிலும் ஆள் இல்லாத நேரத்திலும் அப்படித்தான் பேசினார். "உங்க அண்ணனுக்கு வேலை கெடச்சுதாம்மா?" என்று ஒருமுறை கேட்டார். இல்லை என்றேன். "கெடைக்கும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அண்ணனை வரச்சொல்லிப் பலமுறை கூப்பிட்டேன். "என்னன்னு சொல்லிக்கினு உள்ள போறது?" என்பான்.

ஏழாவது மாதம் ஒரு காலை நேரத்தில் நைனா இறந்துபோனார். கம்பெனியில் ஷிஃப்ட் நேரத்தில் எங்கள் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரத்தில்தான் பார்த்தேன். பொறுப்பாளர் நாலு தடவை கூப்பிட்டிருந்தார்.

அண்ணனும் நானும் போய்ச் சேர்ந்தோம். அவன் யாரிடமும் எதுவும் சொல்லாமல் நேரே போய் நைனாவின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நைனா, நைனா என்று அழுதான். பொறுப்பாளர் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, பிறகு ஒரு நோட்டைக் கொண்டுவந்தார். "எடுத்துக்கினு போறவங்க கையெழுத்து போடணும். என்ன உறவுன்னு எழுதிட்டுப் போடுங்க" என்றார். உறவு என்ற இடத்தில் 'மகன்' என்று எழுதினான் அண்ணன்.

"உங்களுக்கு முன்னாடியே தெரியுமா சார்?" என்று கேட்டேன்.

"மொத நாளே தெரியும்மா. பக்கத்து ஊட்டுக்காரங்க யாரும் வேட்டிய அப்படி சரி பண்ண மாட்டாங்க." நோட்டை மூடிக்கொண்டே சொன்னார்: "காய்ச்சல் வந்தப்போ அவரையே கேட்டேன், பிள்ளைங்க இருந்தா சொல்லுங்க, வரச்சொல்றேன்னு. யாரும் இல்ல சார்னு அப்பவும் அதையேதான் சொன்னாரு."

இரண்டு மாதம் கழித்து அண்ணனுக்கு வேறொரு கம்பெனியில் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வாங்கிய அன்று என் வீட்டுக்கு வந்தான். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றான். சாப்பிட்டியா என்று கேட்டேன். இல்லை என்றான். சோறு போட்டேன். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.