ஸ்டெபிலைசருக்குப் போட்ட லேஸ் உறை

சித்தூரில் ஸ்டெபிலைசர் ரிப்பேர் பார்க்கும் டைட்டஸ் இருபது வருஷமாக அடித்துக்கொள்ளும் தம்பட்டம், தான் தொட்ட வேலை திரும்பி வராது என்பது.

அவர் போகும் சர்ச்சில் ஞாயிறுதோறும் பிரசங்கத்தின் நாற்பதாவது நிமிஷம் ஸ்டெபிலைசர் சூடேறி, தானே கரண்டை நிறுத்திக்கொள்ளும். மைக் செத்ததும் பாஸ்டர் ஆமென் சொல்லிவிடுவார்.

ஒரு நாள் டைட்டஸ் அதைப் போய்ப் பார்த்தால், பாஸ்டரம்மா பின்னிய லேஸ் உறை காற்றுத் துளைகளை அடைத்திருந்தது.

“கத்திரி வெயில்ல ஸ்வெட்டர் மாட்டினா அது இன்னா பண்ணும்?” என்று எரிந்து விழுந்து, உறையை உருவிப்போட்டார்.

மறு ஞாயிறு பிரசங்கம் இரண்டரை மணி நேரம் ஓடியது.

“கறிக்குழம்பு ஆறிக்கினு கீது. இன்னாத்துக்கு இவ்ளோ நல்லா ரிப்பேர் பண்ணீங்க?” என்று மனைவி லீனா பல்லைக் கடித்தாள்.

அதற்கடுத்த ஞாயிறு, மணி அடிக்குமுன்பே வந்த டைட்டஸ் அந்த உறையை இரண்டாக மடித்து ஸ்டெபிலைசர்மேல் போர்த்தினார்.