பிரான்சிலிருந்து ஒருவர்

வந்துபோகிறவர்களை எண்ணுவதுதான் என் தொழில். அவர்களில் ஒருவரைக்கூட நான் கண்ணால் பார்த்தது கிடையாது.

கொழும்பில் ஒரு சின்னக் கம்பனி, ஊர் ஊராக இருக்கிற விடுதிகளுக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறது. அந்த வெப்சைட்டுகளுக்கு யார் யார் எந்த நாட்டிலிருந்து வந்தார்கள், எந்தப் பக்கத்தைப் பார்த்தார்கள் என்று எண்ணிவைக்க இணையத்தில் ஒரு சேவை உண்டு. அதனிடம் கேட்டு வாங்கி, மாதக் கடைசியில் விடுதிக்காரர்களுக்குப் போனில் சொல்வது என் வேலை. கொழும்பில் இருப்பவர்கள் இதையெல்லாம் கலர் கலரான படங்களாகப் பார்க்கிறார்கள். கொட்டகலைக் கடைவீதியில், ஒரு கடைக்கு மேலே நான் வாடகைக்கு இருக்கும் அறையில், பனிமூட்டம் இறங்கினால் சிக்னலும் போய்விடும். அந்தப் படப் பக்கம் சுற்றிக்கொண்டே இருக்கும், திறக்காது. அதனால் நான் கறுப்புத் திரையைத் திறந்து கேள்வியை ஒரு வரிக் கட்டளையாகத் தட்டுவேன். எந்த வெப்சைட், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, நாடு வாரியாக. நாலு வரியில் பதில் வரும். தட்டும்போது ஒரு சின்னக் கோட்டை விட்டுவிட்டால், பதிலுக்குப் பதிலாக ஒரு பக்கத்துக்குத் திட்டு வரும்.

பகல் முழுக்க இப்படி ஒரு திரையோடு மட்டும் மல்லுக்கட்டிவிட்டு, சாயங்காலம் பேக்கரியில் பாண் கேட்க வாயைத் திறக்கும்போதுதான் இன்றைக்கு இதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று உறைத்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நாம் ஒரே கட்சி.

அம்மா கண்டுபிடித்த பதவி

அம்மா நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் லயத்து வீட்டுக்குப் போனால், பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு என் வேலையை விளக்குவதற்குள் அவருக்குப் போதும் போதும் என்றாகிவிடும். "கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டுது" என்பார். "டைப்பிங்கா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அம்மாவின் முகம் விழுந்துவிடும்.

ஒருநாள் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கட்டளையைத் தட்டிக் காட்டினேன். "இந்தா பாருங்கம்மா, நேத்து ஒரு ஹோட்டல் வெப்சைட்டுக்கு வந்தவங்க. ஜெர்மனிக்காரங்க இத்தன பேரு, இந்தியாக்காரங்க இத்தன பேரு." அம்மா திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி நிறுத்தும் பெரட்டில், வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுவது கணக்கப்பிள்ளை. அம்மா எழுந்து, வாசலில் நின்றவர்கள் காதில் விழும்படி சொன்னார்: "அப்ப நீ கணக்கப்புள்ளன்னு சொல்லு!"

ஏறாத பயணி

இரண்டு கிழமைக்கு ஒருமுறை அந்தக் கறுப்புத் திரைக்கு என் மேல் சந்தேகம் வந்துவிடும். இத்தனை நாள் பழகியதெல்லாம் மறந்து, நீ யார், மறுபடி உள்ளே வந்து நிரூபி என்று ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லும். அந்தப் பக்கம் என் அறையில் திறக்காது. கொட்டகலை ரயில் நிலைய மேடையில் மட்டும் என்ன காரணத்தாலோ சிக்னல் நன்றாக இருக்கிறது. மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவேன்.

ரயில் வரும். கதவில் தொங்கிக்கொண்டு வெள்ளைக்காரர்கள் கை காட்டுவார்கள். நான் எண்ணியவர்களில் சிலர் அதில் இருக்கலாம் என்று நானும் கை காட்டுவேன். ரயில் போனதும் மேடை காலியாகும், நான் மட்டும் இருப்பேன். அறைக்குத் திரும்ப மனமில்லாமல் வேலை முடிந்த பிறகும் உட்கார்ந்திருந்த நாட்கள் உண்டு. பச்சைக் கொடியைச் சுருட்டியபடி நடந்து வரும் சிங்கள ஊழியர் ஒருவர் இதையெல்லாம் கவனித்து வைத்திருக்கிறார் போலும். ஒருநாள் எனக்கு எதிரே நின்று, தமக்குத் தெரிந்த தமிழில் மிகவும் பரிவாகக் கேட்டார்: "இன்டைக்கும் ஆள் வரல்லியா, மிஸ்?"

ஒரே ஒரு கேள்வி

அருளப்பன் அங்கிளுக்கு மலையடிவார ஊரான நல்லதண்ணியில் நாலு அறை கொண்ட விடுதி இருக்கிறது. சீசனில் மலையேற வருகிறவர்கள் தங்குவார்கள். சீசன் முடிந்தால் மழையும் அவரும்தான். மற்ற விடுதிக்காரர்கள் போனை எடுத்ததும் ஏன் புக்கிங் இல்லை என்று என்னைப் பிடித்து உலுக்குவார்கள். இவர் நான் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொரு மாதமும் ஒரே கேள்வியைக் கேட்பார். பிரான்சிலிருந்து யாரும் வந்தார்களா? நானும் கட்டளையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இல்லை என்பேன்.

பிரெஞ்சுக்காரர்கள் நிறையச் செலவழிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருப்பார்கள் என நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் பொறுக்க முடியாமல் கேட்டே விட்டேன். அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லா அங்கே இருக்கிறாராம். அங்கிளுக்குப் பிடிக்காத கல்யாணம். அதோடு பேச்சுவார்த்தை நின்றுபோய்ப் பல வருடம் ஆகிறது. "கோயில்ல தாலி கட்டுறப்ப நான் போகல மிஸ். எம்மேல எவ்வளவு கோவம் இருந்தாலும் வீடு எப்படி இருக்குன்னு பாக்கத் தோணும்ல, அதுக்குத்தான் இந்த வெப்சைட்டு."

ஆட்டுக்குட்டி

அதற்கடுத்த மாதம் பதிலில் ஒரு புதிய வரி இருந்தது. பிரான்ஸ், ஒருவர். மறுநாளும் ஒருவர். அதற்கு மறுநாளும். மாதக் கடைசி வரை எனக்குப் பொறுக்கவில்லை, உடனே போன் போட்டேன். தேதியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லி அங்கிள் அழுதுவிட்டார். போனை வைத்த பிறகு எனக்கும் அழுகை வந்தது. அடுத்தவர் வீட்டுச் செய்திதான், ஆனால் எனக்கே யாரோ வந்தது போல இருந்தது.

அதன் பிறகு அங்கிள் படமாக அனுப்பித் தள்ளினார். சமையலறைக்குப் புதிதாகப் போட்ட தகரம். பின்பக்கத்து ஜம்பு மரம். மனைவியின் கல்லறை, பூ வைத்து. கடைசியாக ஒரு ஆட்டுக்குட்டி. எல்லாவற்றையும் விடுதி வெப்சைட்டில் ஏற்றினேன். கொழும்பிலிருந்து ரவி கத்தினார். அவர் என்னோடு வேலை செய்பவர், இதுவரை முகம் பார்த்ததில்லை. கட்டிலைக் காட்டச் சொன்னால் ஆட்டைக் காட்டுகிறாரே, இது விடுதியா பட்டியா என்றார். அதை நான் கொஞ்சம் மரியாதையாக மாற்றி அங்கிளிடம் சொன்னேன். அவர் அசையவே இல்லை: "ஸ்டெல்லாவுக்குக் கட்டில தெரியும் மிஸ், ஆட்டுக்குட்டியத்தான் தெரியாது."

வடிகட்டியபோது

ஒரு மழை நாளில் ரவியிடமிருந்து செய்தி வந்தது. வெப்சைட்டுகளுக்கு ஆட்கள் மட்டுமல்ல, இயந்திரங்களும் வந்து போகின்றன, அவற்றைக் கழித்துவிட்டு எண்ணச் சொல்லிக் கம்பனி உத்தரவு. கட்டளையில் இன்னும் இரண்டு விஷயம் சேர்த்துக் கேட்க வேண்டுமாம். வந்தவர் எவ்வளவு நேரம் நின்றார், அவருடைய திரை எத்தனை பெரியது.

நல்லதண்ணி விடுதிக்குத் தட்டினேன். பிரான்ஸ், ஒருவர், நின்ற நேரம் பூச்சியம். ஒரு நாள் விடாமல் பூச்சியம். முதல் பக்கத்தைத் தாண்டவே இல்லை. ஆட்டுக்குட்டி இருந்தது மூன்றாவது பக்கத்தில். திரையின் அளவும் எந்த மனிதர் கையிலும் இப்போது இல்லாத அளவு. தேதியை மாற்றி மாற்றித் தட்டினேன். ஒரு தடவையாவது அது என்னைத் திட்டாதா, நான் எதையோ பிழையாகக் கேட்டிருக்க மாட்டேனா என்று இருந்தது. அது மிக ஒழுங்காகப் பதில் சொல்லியது. கடைசியில் ரவியிடம் கேட்டேன். அவர் எழுதினார்: "அது ஆள் இல்லீங்க, ஏதோ மெசின் சும்மா வந்து கதவத் தட்டிட்டுப் போகுது."

நல்லதண்ணிக்கு ஒரு போன்

சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கு என்ன நட்டம்? ஆனால் அங்கிள் ஸ்டெல்லாவுக்காக மேல்மாடி அறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சீசனுக்கு வந்து கேட்டவர்களுக்கும் கொடுக்காமல் பூட்டி வைத்திருந்தார். தினமும் பார்க்கிறவள் ஒருநாள் வராமலா போவாள் என்பது அவர் நம்பிக்கை.

போனில் சொன்னேன். நாலு விதமாகச் சுற்றி வளைத்து, கடைசியில் நேராகவே சொல்லிவிட்டேன். வந்தது ஸ்டெல்லா இல்லை, யாருமே இல்லை. "அப்ப அந்த ஆட்டுக்குட்டிய யாருமே பாக்கலியா?" என்றார். "நான் பாத்தேன் அங்கிள்" என்றேன். வேறென்ன சொல்ல? அவர் மெதுவாகக் கேட்டார்: "நல்லாத்தானே இருந்துச்சு, புள்ள?"

எந்த வெப்சைட்

அந்த மாதக் கடைசியில் நான் போன் போட முன்பே அவர் போட்டார். மூச்சு வாங்கியது, சிரிக்கிறாரா அழுகிறாரா என்று புரியவில்லை. ஸ்டெல்லாவின் நம்பர் இத்தனை வருடமும் அவரிடம் இருந்திருக்கிறது. எடுத்தால் என்ன பேசுவது என்று தெரியாமல் வைத்திருந்திருக்கிறார். யாரும் பார்க்கவில்லை என்று நான் சொன்னதும், இனி இதில் காத்திருந்து பயனில்லை என்று நேற்று அவரே கூப்பிட்டுவிட்டார்.

ஸ்டெல்லா எடுத்திருக்கிறார். பேசியிருக்கிறார். அழுதிருக்கிறார். அடுத்த சீசனுக்கு வருவதாகவும் சொல்லியிருக்கிறார். நான் பேசிக்கொண்டே கட்டளையைத் தட்டினேன். பிரான்ஸ், ஒருவர், நேற்று அந்தப் போனுக்குப் பிறகு. நின்ற நேரம் நீண்டு போயிருந்தது, எல்லாப் பக்கமும் திறந்திருந்தது, மூன்றாவது பக்கம் இரண்டு தடவை. அதைச் சொல்ல வாயெடுத்தேன், அங்கிள் விடவில்லை. "ஆட்டுக்குட்டியப் பாத்தியான்னு கேட்டா, 'எந்த வெப்சைட்டுப்பா?'ங்கிறா! நாம ஒன்னு நடத்துறதே அவளுக்குத் தெரியாது புள்ள!"

அதன் பிறகு அவர் தினமும் பிரான்சுக்கே நேராகப் பேசிவிடுவதால், மாதக் கடைசியில் என்னிடம் எதையாவது ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆளையும் என் கணக்கிலிருந்து கழித்துவிட வேண்டியதாயிற்று.