பட்டாபிராம் சுவரில் ஒட்டிய தாள்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், மார்கழி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், மதியம் ஒன்றேகால் மணி மின்சார ரயிலில் சென்ட்ரலிலிருந்து கிளம்பினோம். நான் பிழை திருத்துபவன்; நாள், நட்சத்திரம் பார்ப்பவனல்ல. ஆனாலும் வெள்ளிக்கிழமையில் எலியாஸ் ஐயாவோடு வெளியே கிளம்பினால் கடிகாரத்தை விட்டு என் கண் நகராது. அவர் யூதர். அன்று பொழுது சாய்ந்துவிட்டால் ஓய்வுநாள் தொடங்கிவிடும். பிறகு சனிக்கிழமை இரவுவரை வண்டி ஏறமாட்டார், தெருவில் ஒரு பையைக்கூடத் தூக்கிக்கொண்டு நடக்கமாட்டார்.

பூர்வீகம் கொச்சி, மண்ணடிக்கு வந்து முப்பது வருஷம். தம் முன்னோர்களின் எபிரேயத் துதிப்பாடல்களைப் பேச்சுக்குப் பக்கத்திலுள்ள தமிழில் பதினொரு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். மேலே எபிரேய வரி, கீழே தமிழ், அடியில் இரண்டு வரிக் குறிப்பு. “டிரெயின்ல தொங்கிட்டுப் போறவனுக்குப் புரியலேன்னா அது என் தப்பு” என்பார். நானும் அதே பாடல்களில் விடுபட்ட ஒற்றெழுத்தைத் தேடியே நான்கு வருஷத்தைக் கழித்திருந்தேன்.

இரண்டு மணிக்குள் பட்டரவாக்கத்தில் இறங்கி, தொழிற்பேட்டையில் அவர் புத்தகம் அச்சாகும் அச்சகத்துக்கு நடந்தோம். முதல் பாரம், அதாவது முதல் பதினாறு பக்கம், முந்தின நாளே ஓடியிருந்தது. எழுத்து சுத்தமாக விழுந்திருந்தது. ஐயா தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, மை சரியாக ஏறும்வரை ஓட்டிய கழிவுத் தாள்கள் எங்கே என்று கேட்டார்.

கடவுளின் பெயர் எபிரேயத்தில் இருக்கும் தாளை யூதர்கள் கிழிப்பதில்லை, குப்பையில் போடுவதில்லை. பழசானால் மனிதரை அடக்கம் செய்வதுபோல் மண்ணில் புதைப்பார்கள். கழிவைத் தனியே எடுத்துவைக்கும்படி முதலாளியிடம் ஐயா இரண்டு முறை சொல்லியிருந்தார். முதலாளி அதை மெஷின்மேன் தேவராஜிடம் சொல்ல மறந்திருந்தார்.

“வேஸ்ட்டு எப்பவும் எனக்குதான் சார். ஊட்டுக்கு எட்துகினு போய்ட்டேன். பட்டாபிராம்ல சம்சாரம் கவர் ஒட்டும், கடலைக் கடைக்கு” என்றார் தேவராஜ்.

ஐயா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மணி மூன்று. ஐந்தே முக்காலுக்குச் சூரியன் மறையும். நீங்கள் வீட்டுக்குப் போங்கள், நான் போய் வாங்கி வருகிறேன் என்று கெஞ்சினேன். மனிதர் அசையவில்லை. “நான் எழுதி அச்சுக்குக் கொடுத்த பெயர், நான்தான் பொறுக்கியெடுக்க வேண்டும்” என்றார்.

தேவராஜும் கூட வந்தார். நான்கு பத்துக்குத்தான் ரயில் கிடைத்தது. அன்னனூர் தாண்டியதும் சிக்னல் இல்லாமல் இருபது நிமிஷம் நின்றது. ஐயா மேற்குப் பக்கத்துச் சன்னலையே பார்த்தார். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். எத்தனை பொட்டலங்கள் இந்நேரம் கசக்கி எறியப்பட்டிருக்குமோ என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். தேவராஜ் பாவம், கிறிஸ்துமஸுக்காக ஞாயிற்றுக்கிழமை வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கி வைத்திருப்பதைச் சொல்லிப் பேச்சை மாற்றப் பார்த்தார்.

ஐந்து மணிக்குப் பட்டாபிராம். சென்ட்ரலிலிருந்து இருபத்தைந்து கிலோமீட்டர்போல. தண்டவாளத்தை ஒட்டிக் கால்மணி நடை. ஓட்டு வீட்டு வாசலில் தேவராஜின் மனைவி ரோஸி பசைக் கிண்ணத்தோடு உட்கார்ந்து கவர் ஒட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் பழைய செய்தித்தாள். எங்கள் தாள்கள் உள்ளே டிரங்குப் பெட்டிமேல் அடுக்கியிருந்தன.

“வெட்டலாம்னுதான் கத்தியை எட்தேன். படிச்சா சாமிகிட்ட பேசற மாதிரி கீது. கை வரல சார்” என்றார் ரோஸி.

ஐயா தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டார். எனக்கு உயிர் வந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் புரட்டியவர் கடைசித் தாளில் நின்றுவிட்டார். அதில் ஒரு பக்கம் மட்டும் ஓரம் பார்த்து வெட்டியெடுக்கப்பட்டிருந்தது.

ரோஸி சமையல் மூலையைக் காட்டினார். அடுப்புக்கு மேலே, கண் மட்டத்தில், மைதாப் பசை தடவி அந்தப் பக்கத்தைச் சுவரில் ஒட்டியிருந்தார். உறக்கம் வராத ஒருவன் கடவுளிடம் முறையிடும் பாட்டு. எபிரேய வரியில் அந்தப் பெயர் பளிச்சென்று தெரிந்தது. உரித்தால் பெயர் கிழியும். விட்டால் ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பு அதன்மேல் ஏறும். தேவராஜ் நனைத்து எடுத்துவிடலாமா என்று கேட்டார். அழிந்துவிடும், தொடாதீர்கள் என்று ஐயா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வாசலில் வெயில் மஞ்சளாகிவிட்டது.

“இதை ஏம்மா ஒட்டினே?” என்று ஐயா ரோஸியிடம் கேட்டார்.

“பெரிய பையன் மிலிட்டரில கீறான். லெட்டர் வந்து ரெண்டு மாசமாச்சு. ராவுல முழிச்சிகினே கெடப்பேன். இதுவும் தூக்கம் வராதவங்க பாட்டுதானே அய்யா.”

ஐயா அதைப் படிக்கச் சொன்னார். ரோஸி அடுப்புப் பக்கம் திரும்பி, எங்கும் தடுக்காமல், பையனைப் பற்றி யாரிடமோ சொல்வதுபோலப் படித்தார். ஐயா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், இது இன்னும் பழசாகவில்லை, அங்கேயே இருக்கட்டும், சுற்றி மட்டும் வெள்ளையடியுங்கள் என்றார். அந்த வீட்டில் ஓய்வுநாளைக் கழிக்கலாமா என்றும் கேட்டார். ரோஸி பாயை எடுத்துவர ஓடினார். ஐயா ஓய்வுநாளுக்கென்று பையில் வைத்திருந்த இரண்டு மெழுகுவர்த்திகளை எடுத்து, சூரியன் மறையுமுன் அவசரமாக ஏற்றினார்.

மற்றத் தாள்களையும் ஐயாவோடு அங்கேயே விட்டுவிட்டு, ஆறு இருபது ரயிலில் வெறுங்கையோடு திரும்பினேன். வண்டியில் ஒருவர் கடலை கொறித்துவிட்டுப் பொட்டலத்தைச் சன்னல் வழியே எறிந்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வீட்டு அலமாரியில் சுவரில் இருந்த அந்தப் பக்கத்தின் பிழை திருத்திய புரூஃப் நான்கு இருந்தன, நான்கிலும் என் சிவப்பு மை. போனதும் ஒன்றை எடுத்து முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அதுவரை நான் அதைப் படித்ததே இல்லை.