உப்பில்லாச் சட்டி

வெந்த பரங்கிக்காயை நசுக்கிச் சோற்றோடு பிசைந்து, முதல் கவளத்தைத் தன் வாயில் போட்டுக்கொள்வார் அவெலினோ. கண்ணை மூடி மெல்வார். உப்பு துளிகூட இல்லை என்று நிச்சயமானபின்தான் அடுத்த கவளத்தை உதட்டருகே கொண்டுபோய், மூன்று முறை ஊதி, நாய்க்கு நீட்டுவார். ஊதாத சோற்றை அது தொடாது. தீயில் வெந்த நாய் அது, சூடென்றால் இன்றும் பயம்.

சிலி நாட்டு வல்பரைசோவில் எங்கள் மலைக்கு கேஸ் சிலிண்டர் சுமப்பவர் அவர். லாரி பாதி வழிதான் ஏறும், மிச்சம் படிக்கட்டு. முப்பது வருடமாக ஒரே தோளில் தூக்கி, கழுத்து இடப்பக்கம் சாய்ந்தே போய்விட்டது. யாரைப் பார்த்தாலும் சந்தேகப்படுகிற மாதிரி இருக்கும். மனிதர் பச்சைக் குழந்தை. வாசலில் நின்றே யார் வீட்டில் என்ன வேகிறதென்று சொல்லிவிடுவார். "இல்டா, எண்ணெய மாத்துங்க, மூணு நாளாச்சு," என்று என்னிடமே சொல்லியிருக்கிறார். எனக்குக் கோபம் வந்தது. எண்ணெய்க்குச் சரியாக மூன்று நாள் ஆகியிருந்தது.

ஆறு வருடத்துக்கு முன் மேல்மலை எரிந்தபோது, யாருடையதோ ஒரு வீட்டின் சாம்பலுக்குள்ளிருந்து அந்தக் குட்டியை எடுத்தார். நான்கு பாதமும் வெந்திருந்தன. கரிக்கட்டை என்ற பொருளில் திசோன் என்று பெயர் வைத்தார். அன்றைக்கு வெடித்த சிலிண்டர்களில் பாதி அவர் தோளில் ஏறிப் போனவை. அதை ஒரே ஒரு தடவைதான் சொன்னார், அதுவும் நாயின் காதைத் தடவிக்கொண்டே.

போன ஏப்ரலில் திசோனுக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டதென்று டாக்டரம்மா சொன்னாள். உப்பு கூடாது, எலும்பு கூடாது, பாலாடைக்கட்டி கூடாது, கொழுப்பு கூடவே கூடாது. அன்றிலிருந்து மனிதர் ஆளே மாறிப்போனார். சந்தையில் பரங்கிக்காயைத் தட்டித் தட்டிப் பார்த்து, கடைக்காரியின் பொறுமையைச் சோதித்து வாங்குவார். முட்டையில் வெள்ளை நாய்க்கு, மஞ்சள் அவருக்கு. கோழியைத் தோலுரித்து, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி வேகவைப்பார். பையில் வருகிற மருத்துவத் தீனியைக் கடித்துப் பார்த்துத் துப்பினார்: "ஜல்லி மாதிரி இருக்கு. இத எப்படிப்பா அவன் திம்பான்?" கடைசியில் தன் தட்டிலும் உப்பை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். "அவன் பாத்துக்கிட்டே இருக்கான். நான் மட்டும் எப்படித் திங்கறது?"

வினை அவர் அடுப்பில் இல்லை, எங்கள் அடுப்பில் இருந்தது. சிலிண்டரோடு அவர் ஏறுகிற ஒவ்வொரு படிக்கும் திசோன் பின்னாலேயே வரும். ஒவ்வொரு வாசலிலும் அதற்கு ஒரு பெயர், ஒவ்வொரு வாசலிலும் ஒரு வாய். அதனால் கழுத்தில் ஒரு அட்டை கட்டினார்: எனக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது, தயவுசெய்து எதுவும் தராதீர்கள். அதை எல்லோரும் சத்தமாகப் படித்தோம். "ஐயோ பாவமே" என்றோம். பிறகு, நம் ஒரு துண்டில் என்ன ஆகிவிடப்போகிறது என்று கொடுத்தோம்.

படிக்கட்டின் அடியில் வண்டி போட்டு சோபாய்பியா பொரிக்கிற ஒத்திலியாதான் எல்லோருக்கும் மேல். பரங்கிக்காய் சேர்த்த மாவை வட்டமாகத் தட்டி எண்ணெயில் போடுவாள். அட்டை கண்ணில் பட்டால் மனசு கேட்காதென்று, அதைத் திருப்பி வெற்றுப்பக்கம் தெரியும்படி வைத்துவிட்டு ஊட்டுவாள், தின்றதும் பழையபடி திருப்பிவிடுவாள். ஒருநாள் அவெலினோ பார்த்துவிட்டார். அவள் அசரவில்லை. தோன் என்று மரியாதை வைத்தே சொன்னாள்: "உங்க டாக்டரம்மா பரங்கிக்காதானே குடுக்கச் சொன்னாங்க? இதுலயும் அதான் இருக்கு, தோன் அவெலினோ." அதற்குப் பிறகு ஐந்து மாதம் அவளோடு பேசவில்லை அவர். அவள் வீட்டுக்கு சிலிண்டரை மட்டும் தவறாமல் கொண்டுபோய் வைத்தார்.

செப்டம்பரில் தேசிய நாள் விழா வாரம் வந்தது. வீட்டுக்கு வீடு இறைச்சி வெந்தது, வீட்டுக்கு வீடு கேஸ் தீர்ந்தது. அத்தனை வாசலுக்கும் திசோனைக் கூட்டிப்போகப் பயந்து, வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுப் போனார். அது ஊளையிட்டது. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஊளை. பண்டிகை நாளில் ஒரு உயிர் இப்படி அழுதால் யாருக்குத்தான் தொண்டையில் இறங்கும்? ஜன்னல் கம்பி வழியாக ஒவ்வொருவராகப் போட்டோம். நான் போட்டது ஒரு லோங்கனீசா, உப்பும் கொழுப்பும் அடைத்த இறைச்சிக் குழல், விரல் நீளம். வாலாட்டித் தின்றது. எனக்கு அன்று நிம்மதியாக இருந்தது, அதை எப்படி மறைப்பது.

திரும்பி வந்தவர் தரையில் கிடந்த விலா எலும்புகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நான் வாசலில் போய் நின்றேன். அவர் திட்டவில்லை. என் கையில் எண்ணெய் வாசனை இருந்திருக்க வேண்டும்.

"நீங்களுமா, இல்டா?" என்றார்.

மூன்றாம் நாள் திசோன் எழவில்லை. ஊசி, குழாய், மருந்து எல்லாம் ஆயிற்று. பரங்கிக்காய்ச் சோற்றை மூன்று முறை ஊதிக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார்.

நேற்றுக் காலை அவர் படியிறங்கி வருவதைப் பார்த்தேன். சிலிண்டர் ஏறுகிற தோளில் நாய். நேராக ஒத்திலியாவின் வண்டிக்குப் போனார்.

"ஒண்ணு குடுங்க, ஒத்திலியாம்மா. கடுகுச் சாந்து தடவ வேண்டாம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "வேணாம், தோன் அவெலினோ. டாக்டரம்மா சொல்லியிருக்காங்களே."

"அவங்கதான் சொன்னாங்க. இனிமே எது கேட்டாலும் குடுங்கன்னு."

ஒத்திலியா வாணலியில் இருந்ததைத் தொடாமல், விடியற்காலையில் பொரித்து ஒதுக்கிய தட்டிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். திசோனுக்குச் சூடு ஆகாதென்று அவளுக்கும் தெரியும். அவெலினோ படியில் உட்கார்ந்து, நாயை மடியில் கிடத்தி, ஒரு துண்டு பிய்த்து, மூன்று முறை ஊதி நீட்டினார். திசோன் மோந்து பார்த்தது. வாயைத் திறக்கவில்லை.

"சூடு போகல போலிருக்கு ராசா," என்றார்.

ஆறி விறைத்துப்போயிருந்த அந்தத் துண்டை உதட்டருகே கொண்டுபோய், மறுபடியும் ஊத ஆரம்பித்தார்.