பேட்டரி வண்டியும் பி.டி. டீச்சரும்

போன ஞாயிற்றுக்கிழமை கோல்ஃப் மைதானத்துக்குப் போயிருந்தேன். எங்கே? ராஜபாளையத்தில்! சிரிக்காதீர்கள். மில் வைத்திருக்கும் நண்பர் சுந்தரம், மலையடிவாரத்தில் தன் மாந்தோப்பை ஒட்டிய மேட்டு நிலத்தில் புல் வளர்த்து, குழி வெட்டி, கொடியும் நட்டுவிட்டார். உட்கார்ந்து போக பம்பாயிலிருந்து ஒரு பேட்டரி வண்டி வேறு!

என் மனைவி ஜானகியும் வந்திருந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சர். பொங்கலுக்கு முன்னால் மதுரையில் அவளுக்கு இதய ஆபரேஷன். ஜூனில் பள்ளி திறந்ததும் வேலைக்குப் போவேன் என்கிறாள். வேண்டவே வேண்டாம், விருப்ப ஓய்வு வாங்கிவிடு என்று நான்... வீட்டில் தினமும் இதே பஞ்சாயத்துதான்.

"ஏத்தமா இருக்கு ஜானகி, வண்டியில ஏறு" என்றேன்.

"டாக்டர் என்னைய நடக்கத்தானே சொன்னாரு? நீங்க ஏறிக்கிடுங்க. நான் நடந்தே வாரேன்."

நடந்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூவில், அவசரமில்லாத ஒரே சீரான நடை. தண்ணீர் பாட்டில், மாத்திரை டப்பா சகிதம் நான் வண்டியில் பின்னாலேயே. எனக்குத்தான் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. ஒரு மேட்டில் சட்டென்று நின்றாள். போச்சுடா என்று பதறி எழுந்தேன் — அம்மணி மலையை ரசித்துக்கொண்டிருந்தாள்!

கடைசி ஏற்றத்தில் பேட்டரி காலி. வண்டி மெல்லப் பின்னால் நழுவியது. சுந்தரமும் விளையாட வந்திருந்த அவருடைய மில் முதலாளி நண்பர்களும் ஓடிவந்து ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள். நகருமா?

மேட்டின் மேலிருந்து கணீரென்று ஒரு குரல்.

"எல்லாரும் பின்னால வாங்க! நான் சொன்ன பொறவுதான் தள்ளணும். ரெடி... ஒன்... டூ... ஏங்க, நீங்க மட்டும் எதுக்கு உள்ள உக்காந்திருக்கீக? எறங்குங்க!"

இறங்கினேன். மில் முதலாளிகள் பள்ளிப் பிள்ளைகளாக வரிசையில் நின்று தள்ள, வண்டி மேடேறியது.

ஆபரேஷனுக்குப் பிறகு நான் கேட்காத குரல் அது. இனி கேட்கவே மாட்டேனோ என்று பயந்த குரல். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வேலையை விடச் சொன்னது அவள் நெஞ்சுக்காகவா, என் பயத்துக்காகவா?

வீடு திரும்பியதும் பீரோவைத் திறந்து அவளுடைய விசிலை எடுத்தேன். துடைத்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் விடியும்போதே வாசலில் விசில் சத்தம். ஜூன் வரைக்கும் டீச்சருக்கு ஒரே ஒரு மாணவன்தான்... நான்!