கடிக்கிற ஆண் ஆமை

சாலை மறியல் நடந்த அந்தப் புரட்டாசியில், கல்வராயன் மலையடிவாரச் சாலைக்குக் குறுக்கே புளியமரத்தை அறுத்துத் தள்ளியது நானும் என் பெரியப்பா மகனும். ரம்பத்துக்கு அந்தப் பக்கம் அவன், இந்தப் பக்கம் நான். மறுநாள் போலீஸ் தேடியதோ என்னை மட்டும். காட்டிக்கொடுத்தவன் அவன்தான். என் தாய்மாமன் மகள்மேல் அவனுக்குக் கண். முறைக்காரன் நான் ஊரில் இருந்தால், எனக்கு வெற்றிலை பாக்கு வைத்துக் கேட்காமல் அவளை இன்னொருவனுக்குக் கொடுக்க முடியாது. ‘பங்காளியையும் பனங்காயையும் பதம் பார்த்து வெட்டு’ என்பார்கள். பதம் பார்த்தவன் அவன், வெட்டுப்பட்டவன் நான்.

தப்பி ஓடி, கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில் வலை இழுத்துப் பிழைத்தேன். சங்கராபுரம் சந்தைக்குப் போய்வந்த கருவாட்டு வியாபாரி, தையில் அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம் என்றார். அந்த வாரமே வலையில் ஓர் ஆமை சிக்கியது. சாண் நீள வால். துடுப்பின் ஓரமெல்லாம் பிய்ந்திருந்தது. படகுக்காரர் வலையை அறுத்து அதை விட்டார்.

“இது ஆம்பளை. பொட்டதான் முட்ட போட கரையேறும். இது குஞ்சுல மண்ணுல நடந்ததோட சரி. எங்கெங்கியோ மேஞ்சிக்கினு கெடந்துட்டு, சேர்றதுக்கு இந்தக் கடலுக்கு வந்துரும்.”

“துடுப்பு ஏங்க இப்படிக் கீது?”

“பொட்ட ஓட்டுல நகத்த மாட்டித் தொத்திக்கினா லேசுல வுடாது. எடம் கெடைக்காத ஆம்பளைங்க சுத்தி வந்து வாலு, துடுப்புன்னு கடிச்சிக்கினே இருக்கும். நீ இன்னா, தொத்தப் போறவனாட்டம் கேக்குற?”

“இல்லீங்க, கடிக்கப் போறவன்” என்றேன்.

முகூர்த்தத்தன்று மாமன் வீட்டுப் பந்தலில் நுழைந்தேன். நான் வந்தால் பிடிக்கட்டும் என்று மாப்பிள்ளையே அழைத்து வைத்த போலீஸ்காரர்கள் இருவர் பந்தியில் இருந்தார்கள்.

“அண்ணே, முறைக்காரனுக்கு வெத்தல வெக்காமயே குந்திக்கினியா?” என்று அவன் மணிக்கட்டைப் பிடித்தேன். “ஐயா, மரத்த ஒத்த ஆளு அறுக்க முடியுமா? ரம்பத்துக்கு அந்தாண்ட இருந்தது இவன்தாங்க!”

ஊரே பார்த்த விஷயம். ஒருவரும் இல்லையென்று சொல்லவில்லை. மணப்பெண் தலை நிமிர்ந்தாள். “ரெண்டு பேரையும் இட்டுக்கினு போங்க சார். என்னைக் கேட்டது யாரு?”

பட்டு வேட்டியோடு அவனும் வேனில் ஏறினான்.

நாங்கள் வெளியே வருவதற்குள் அவள் மணலூர்பேட்டைக்கு வாழ்க்கைப்பட்டுப் போயிருந்தாள். எனக்கில்லை, சரி. அவனுக்கும் இல்லை. அதைக் கேட்ட அன்றைக்கு நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.